பதினெட்டு வயதும் பாலிசியும்: பிள்ளைகளின் எடைக்குறைப்பு அறுவைக்கு காப்பீடு கேட்கப் போகும் பெற்றோருக்கு

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். போன வருடம் கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அம்மா வந்தார். துணிக்கடைக் கட்டைப்பை நிறைய ரிப்போர்ட்டுகள். பையன் உள்ளே வராமல் தண்ணீர் கேன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் வேலை, கம்பெனி கொடுத்த காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது, 5 லட்சம். டாக்டர் அறுவை செய்யலாம் என்று சொல்லிவிட்டார். இனி தேதி குறிக்க வேண்டியதுதான் என்ற நினைப்பில் வந்திருந்தார். ஆதார் அட்டையைப் பார்த்தேன். பையனுக்குப் பதினேழு வயது எட்டு மாதம்.

"நாலு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்றேன்.

"நாலு மாசத்துல அவன் உடம்புல என்னங்க மாறிடப் போவுது?"

"உடம்புல ஒண்ணும் மாறாதும்மா. பாலிசிலதான் மாறும்."

அவருக்குச் சொன்னதைத்தான் விரித்து எழுதுகிறேன். பிள்ளைக்குப் பதினாலு, பதினஞ்சு வயதிருக்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று என்னிடம் வருத்தப்பட்ட பெற்றோர் பலர்.

முதலில் அந்த விதி

இந்தியாவில் காப்பீட்டு நிறுவனங்கள் எதையெல்லாம் தராமல் விடலாம் என்பதற்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019 செப்டம்பரில் ஒரே மாதிரியான வாசகங்களை வகுத்தது. அதனால் எந்த நிறுவனத்தின் பாலிசியைப் புரட்டினாலும் 'எக்ஸ்க்ளூஷன் 06, உடற்பருமன்' என்ற தலைப்பில் ஏறக்குறைய அதே வரிகள்தான் இருக்கும். உடற்பருமனுக்கான அறுவைக்குப் பணம் தர வேண்டுமென்றால் நான்கு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். டாக்டர் ஆலோசனைப்படி செய்ய வேண்டும். அந்த அறுவை மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நோயாளிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல், 40க்குக் கீழ் என்றால் கூடவே நான்கு கடும் நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிரமான தூக்க மூச்சடைப்பு, கட்டுக்குள் வராத இரண்டாம் வகை சர்க்கரை. அதோடு, மற்ற வழிகளில் எடையைக் குறைக்கப் பார்த்தும் முடியவில்லை என்பதும் தெரிய வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையில்தான் எல்லாரும் மாட்டுகிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு பிஎம்ஐ 50 இருந்தாலும் வழக்கமான பாலிசியில் வழியில்லை.

மருத்துவ உலகம் இதே இடத்தில் நிற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2023 வழிகாட்டி, கடுமையான பருமன் இருந்தால் 13 வயதிலிருந்தே அறுவைக்குப் பரிசீலிக்கலாம் என்கிறது. அங்கே 242 வளரிளம் பிள்ளைகளை அறுவைக்குப் பின் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. சராசரியாக 27 சதவீத எடை குறைந்திருந்தது. சர்க்கரை இருந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு அது விலகியிருந்தது. அதே ஆய்வில் 57 சதவீதம் பேருக்கு உடலில் இரும்புச்சத்து இருப்பு குறைந்தது, 13 சதவீதம் பேருக்கு வயிற்றில் இன்னொரு அறுவையோ சிகிச்சையோ தேவைப்பட்டது. யூடியூப் வீடியோக்களில் முதல் இரண்டு எண்கள் வரும், பின்னிரண்டு வராது. 2024இல் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் இந்த அறுவைக்குப் போய் உயிரிழந்த செய்தியை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். செய்யலாமா வேண்டாமா என்பது டாக்டரும் நீங்களும் பிள்ளையும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. நான் பேசுவது பணம் வரும் வழியைப் பற்றி மட்டும்.

இந்திய அறுவை மருத்துவர்கள் ஆசிய உடல்வாகை வைத்து, வளர்ந்தவர்களுக்குக் காப்பீடு கேட்பதைவிடக் குறைந்த பிஎம்ஐ இருந்தாலே அறுவைக்குத் தகுதி என்கிறார்கள். காப்பீட்டு வாசகம் 40, 35 என்று நிற்கிறது. 'டாக்டர் ஓகே சொல்லிட்டார், இன்சூரன்ஸ்காரன் மறுக்கிறான்' என்று வரும் சண்டைகளில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தவை. இரண்டு பேர் சொல்வதும் அவரவர் புத்தகப்படி சரிதான்.

கையில் என்ன அட்டை இருக்கிறது?

அடுத்த வேலை இது. நான்கைந்து வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் பாதை வேறு.

கம்பெனி குரூப் பாலிசி என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். பாலிசி எடுத்து இத்தனை மாதம் கழித்துத்தான் பணம் தருவோம் என்ற காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இருக்காது. அதைவிட முக்கியம், குரூப் பாலிசியின் வாசகங்களைக் கம்பெனியும் காப்பீட்டு நிறுவனமும் பேசி மாற்றிக்கொள்ள முடியும். சில கம்பெனிகள் உடற்பருமன் அறுவைக்குத் தனி உச்சவரம்பு வைத்து வாங்கியிருக்கும். சில அதை அடியோடு விட்டிருக்கும். சிப்காட் ஆனாலும் சேதராப்பட்டு தொழிற்பேட்டை ஆனாலும் எச்.ஆரிடம் போய் 'கவர் ஆகுமா?' என்று வாயால் கேட்காதீர்கள். 'ஆகும்' என்று வாயால் பதில் வரும், அது எதற்கும் உதவாது. "எங்க பாலிசியில் எக்ஸ்க்ளூஷன் 06 அப்படியே இருக்கிறதா, தளர்த்தப்பட்டிருக்கிறதா? சார்ந்திருக்கும் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டா?" என்று மெயிலில் கேளுங்கள். பதிலும் மெயிலில் வரட்டும்.

நீங்களே வாங்கிய குடும்ப பாலிசி என்றால் கணக்குப் போட வேண்டும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருப்பவர்களுக்கு: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை என்பது திட்டம். ஆனால் 5 லட்சம் என்றால் எந்த அறுவைக்கும் 5 லட்சம் என்று பொருளில்லை. சிகிச்சைப் பட்டியல் உண்டு, ஒவ்வொன்றுக்கும் விலை குறித்திருக்கும். மருத்துவமனையின் திட்டப் பிரிவில் 'எடை குறைக்கிற ஆபரேஷன்' என்று கேட்காமல், டாக்டர் எழுதிய பெயரைச் சொல்லி, உதாரணமாக 'ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி' (இரைப்பையின் பெரும்பகுதியை எடுக்கும் அறுவை) என்று, பட்டியலில் தேடச் சொல்லுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். அட்டையே இல்லாதவர்கள் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு இருப்பது ஆயுஷ்மான் பாரத், அதற்கு 14555.

எல்லைக்காரர்கள் கவனிக்க. முள்ளோடைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். வீடு ரெட்டிச்சாவடியில், ரேஷன் கார்டு அங்கே, பள்ளிக்கூடம் கன்னியக்கோயிலில் என்று இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அட்டை எந்த ஊர்க் கார்டோடு ஒட்டியிருக்கிறதோ அந்தத் திட்டம்தான் உங்களுடையது. நீங்கள் போகும் மருத்துவமனை அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்பதை அட்மிஷனுக்கு முன்பே பாருங்கள்.

அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனித் திட்டம் உண்டு. அதிலும் சிகிச்சைப் பட்டியலும் மருத்துவமனைப் பட்டியலும்தான் பேசும்.

பதினெட்டையும் காத்திருப்பையும் ஒன்றாகக் கணக்கிடுங்கள்

சொந்த பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48ஆக இருந்தது. பேரியாட்ரிக், அதாவது எடைக்குறைப்பு அறுவைக்கென்று தனியாக இரண்டு, மூன்று வருடக் காத்திருப்பு எழுதிவைத்திருக்கும் பாலிசிகளும் உண்டு.

இப்போது கூட்டிப் பாருங்கள். பதினைந்தாவது பிறந்தநாளுக்குள் பிள்ளை பெயர் பாலிசியில் ஏறிவிட்டால், பதினெட்டு முடியும்போது காத்திருப்பும் முடிந்துவிடும். பதினெட்டு வந்த பிறகு பாலிசி தேடினால் 21 வரை பொறுக்க வேண்டும். அதற்குள் கல்லூரியே முடிந்துவிடும். நடுவில் ஒரு வருடம் பிரீமியம் கட்ட மறந்து பாலிசி காலாவதியானால் எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பிக்கும். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் பாலிசியை விடாமல், போர்ட்டபிலிட்டியில் வேறு நிறுவனத்துக்கு மாறுங்கள். ஓடிய காலம் கூடவே வரும். காப்பீட்டுத் தொகையைப் பின்னால் கூட்டினால், கூட்டிய பகுதிக்கு மட்டும் காத்திருப்பு புதிதாக ஓடும். அதனால் 3 லட்சத்தில் ஆரம்பித்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அந்த மிச்சத்தைத் தொகையில் போடலாம்.

பாலிசி கேட்டு நிரப்பும் புரபோசல் ஃபார்மில் உயரம், எடை கேட்பார்கள். இங்கேதான் ஏஜென்ட் குரலைத் தாழ்த்தி, "எழுவது கிலோன்னு போட்டுக்கலாமா?" என்பார். வேண்டாம். 104 கிலோ என்றால் 104 என்றே எழுதுங்கள். பிரீமியம் கூடலாம், பாலிசியே தர மறுக்கவும் கூடும். மறைத்து வாங்கிய பாலிசியோ, பணம் தேவைப்படும் அன்று கைவிரிக்கும். மூன்று வருடம் முன்பு 70 கிலோ என்று கையெழுத்துப் போட்டவர் இன்று பிஎம்ஐ 42க்கு அறுவை கேட்டால், க்ளெய்ம் பார்க்கும் டாக்டர் முதலில் எடுப்பது பழைய ஃபார்மைத்தான்.

செருப்பும் பிஎம்ஐயும்

பிஎம்ஐ என்பது எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் வைத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, வரும் எண்ணால் எடையை வகுப்பது. முதுநகர்ப் பையன் நான்கு மாதம் கழித்து வந்தபோது 113 கிலோ. எங்கள் நர்ஸ் அவசரத்தில் செருப்போடு அளந்து 170 செ.மீ. என்று எழுதிவிட்டார். 113ஐ 2.89ஆல் வகுத்தால் 39.1. ஃபார்ம் என் மேசைக்கு வந்ததும் அவனைத் திரும்பக் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்ட நிற்கச் சொன்னேன். 168. இப்போது 113ஐ 2.8224ஆல் வகுத்தால் 40.04. தகுதி. ரப்பர் செருப்பின் தடிமன் அந்தக் குடும்பத்துக்குச் சில லட்ச ரூபாய் பெறும். அன்றிலிருந்து உயரம் அளக்கும் கம்பத்துக்குக் கீழே 'செருப்பைக் கழற்றவும்' என்று ஒரு தாள் ஒட்டிவைத்திருக்கிறேன்.

அறுவைக்கு முன் இரண்டு வாரம் கல்லீரல் சுருங்குவதற்கென்று டயட் கொடுப்பார்கள். அதில் நான்கைந்து கிலோ இறங்கும். 40க்கு மேல் இருந்தவர் அட்மிஷன் அன்று 39க்கு வந்து நிற்பார். அதனால் டயட் ஆரம்பிக்கும் முன்பே அளந்த எடை, உயரம், தேதி மூன்றும் டாக்டர் கையெழுத்தோடு ஒரு தாளில் இருக்கட்டும். டயட்டால் குறைந்தது என்ற ஒரு வரியையும் டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

குழந்தை மருத்துவர் இன்னொரு அளவுகோலில் பார்ப்பார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 18 வரை இந்தியக் குழந்தை மருத்துவ அகாதமியின் 2015 வளர்ச்சி அட்டையில், வயதுக்கேற்ற கோட்டை வைத்துத்தான் பருமன் என்று முடிவு செய்வார்கள். அந்த அட்டையின் நகல் ஃபைலில் இருப்பது நல்லது. எத்தனை வருடமாக இந்தப் பிரச்சினை என்பதை அது ஒரே பார்வையில் காட்டும்.

ஃபைல்

பதினைந்திலிருந்தே கட்டத் தொடங்குங்கள். பிஎம்ஐ 35க்கும் 40க்கும் நடுவே என்றால் உங்கள் க்ளெய்மைத் தாங்கப்போவது ஃபைல்தான். உணவு ஆலோசகரைப் பார்த்த சீட்டு, ஒவ்வொரு முறையும் எடுத்த எடை, டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி, எல்லாம் தேதியோடு. 'ரெண்டு வருஷமா டயட்லதாங்க இருக்கான்' என்று வாயால் சொல்வது எங்கேயும் ஏறாது. எத்தனை மாதம் முயன்றிருக்க வேண்டும் என்று பொது வாசகத்தில் எண் கிடையாது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ச்சி தெரிந்தால் கேள்விகள் குறைவாக வருகின்றன. இது என் அனுபவம்.

துணைநோய்ப் பட்டியலில் நான்குதான் என்று சொன்னேன். பெண்பிள்ளைகளைக் கூட்டிவருபவர்கள் பெரும்பாலும் சொல்வது பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி. அது பட்டியலில் இல்லை. முட்டிவலி, கொழுப்புக் கல்லீரல், தைராய்டு, பிபி எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியல் நடுத்தர வயது ஆணை மனதில் வைத்து எழுதியது போலிருக்கிறது. பிள்ளை குறட்டை விடுகிறான், வகுப்பில் தூங்கி வழிகிறான் என்றால் தூக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள். வளர்ந்தவர்களில் மணிக்கு 30 தடவைக்குக் குறையாமல் மூச்சு தடைப்பட்டால் அது தீவிரம். ஒரு ராத்திரி படுத்துச் செய்யும் பரிசோதனைக்கு மட்டும் என்றால் காப்பீட்டில் பணம் வராது. வெறும் பரிசோதனைக்கான அட்மிஷனுக்குத் தனி விலக்கு உண்டு, எக்ஸ்க்ளூஷன் 04. சர்க்கரை இருந்தால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டை மூன்று மாதத்துக்கொரு முறை எடுத்துச் சேர்த்துவையுங்கள். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து 'கட்டுக்குள் வரவில்லை' என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்காவது யாராவது 'ஹெர்னியான்னு போட்டு எடுத்துடலாம்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்று, ஆபரேஷன் நோட்டில் ஒன்று என்று வந்தால் பணமும் போகும், பாலிசியும் போகும், பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய மருத்துவப் பதிவும் பொய்யாகும்.

பதினெட்டு வரை தள்ள முடியாது என்று டாக்டர் சொன்னால்

குரூப் பாலிசியில் வயது தளர்வு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் கோரிமேடு ஜிப்மர் போன்ற அரசு நிறுவனத்தில் காட்டி இரண்டாவது கருத்து கேளுங்கள். வட்டிக்கு வாங்கித் தனியாரில் சேர்க்குமுன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். விலக்கு என்பது எடைக்கான அறுவைக்கு மட்டும்தான். சர்க்கரை ஏறி அட்மிஷன், பித்தப்பைக் கல் எடுப்பது போன்றவற்றை 'பருமனால்தான் வந்தது' என்று சொல்லி மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். இப்போது வந்திருக்கும் எடைக்குறைப்பு ஊசிகள் வெளிநோயாளிச் செலவில் சேரும். சாதாரண பாலிசியில் அதற்குப் பைசா வராது.

கேஷ்லெஸ், மறுப்பு, மேல்முறையீடு

திட்டமிட்ட அறுவை என்பதால் ப்ரீ-ஆத் (முன் அனுமதி) விண்ணப்பத்தை இரண்டு மூன்று நாள் முன்பே அனுப்பச் சொல்லுங்கள். 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி முன் அனுமதிக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அன்று 3 மணி நேரத்திலும் நிறுவனம் பதில் தர வேண்டும். நடுவில் 'க்வெரி' வந்தால் பயப்பட வேண்டாம். க்வெரி மறுப்பு ஆகாது. ஒரு தாள் கேட்கிறார்கள், அவ்வளவுதான். ரூம் வாடகை வரம்பைப் பாருங்கள். வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால் மற்ற கட்டணங்கள் பலவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

மறுத்துவிட்டால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் மறுபரிசீலனைக் குழு பார்க்காமல் ஒரு க்ளெய்மைத் தள்ளக் கூடாது என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா என்ற இணையத் தளத்திலோ 155255 எண்ணிலோ புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றுக்கும் அந்த அலுவலகம்தான். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். வயது 18 ஆகவில்லை என்ற காரணத்தை எதிர்த்து மட்டும் போகாதீர்கள். அங்கே வாசகம் தெளிவாக இருக்கிறது, காலம்தான் வீணாகும். உயரத்தைத் தப்பாக எழுதியது, கொடுத்த ரிப்போர்ட்டைப் பார்க்காமல் தள்ளியது போன்றவற்றுக்குப் போகலாம்.

காப்பீடு தராத செலவுகளும் உண்டு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுவார்கள். அதன்பின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி வாழ்நாள் முழுக்கத் தொடரும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்குப் பாலிசி தரும் அறுபது, தொண்ணூறு நாள் கணக்கு முடிந்ததும் அது உங்கள் மளிகைக் கணக்கில் சேர்ந்துவிடும். தொங்கும் தோலைச் சரிசெய்யும் அறுவை அழகுச் சிகிச்சையாகக் கருதப்படும், எக்ஸ்க்ளூஷன் 08.

முதுநகர்ப் பையனின் கம்பெனி பாலிசியில் பருமன் அறுவை சேர்ந்திருந்தது, அவனுக்கு அனுமதி வந்தது. ஒப்புதல் படிவத்தை மேசையில் வைத்ததும் அம்மா பழக்கத்தில் பேனாவை எடுத்தார். பதினெட்டு ஆகிவிட்டதால் அவன்தான் போட வேண்டும் என்று வாங்கி அவனிடம் கொடுத்தேன். அவன் அன்று உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பேனாவைப் பிடித்தபடி கேட்டான்: "சார், இனிஷியல் முன்னாடி போடணுமா, பின்னாடியா?"

"ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே போடு தம்பி. பாலிசியிலயும் அப்படித்தான் இருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டு."